தோட்டத்து மேடைக்கு எந்த பேஸ் அம்ப்ளிபையர்?

பசறை, நமுனுகுலைப் பக்கத் தோட்டத் திருவிழாக்களுக்கு வாசிக்கப் போகிறவர்களுக்கு பஸ் நிற்கும் இடத்தோடு பயணம் முடிவதில்லை. லயத்துக்கு ஏறும் படிக்கட்டு மிச்சமிருக்கிறது. எடையை முதலில் பாருங்கள். 'கிளாஸ் டி' சுற்றும் நியோடிமியம் காந்தமும் உள்ளவை பழைய பெட்டிகளைவிட வெகு இலேசு.

வலுவும் வேண்டும்தான். தாழ்ந்த சுரம் வோட்ஸை விழுங்கும். லீட் கிட்டாருக்கு 30 போதுமான மேடையில் பேஸுக்கு 200, 300 தேவைப்படலாம். ஆனால் 300ஐ 600 ஆக்கினால் கூடுவது 3 டெசிபெல் மட்டுமே. நாட்சம்பளத்தில் சேர்த்த காசை அதற்குக் கொட்டுவதைவிட நல்ல ஸ்பீக்கருக்குப் போடலாம். 4 ஓமில் 500 வோட்ஸ் என்று எழுதியிருப்பது 8 ஓம் பெட்டியோடு ஏறத்தாழப் பாதிதான் தரும்.

கனடாவிலிருந்து மாமா அனுப்பியதென்றால் பின்பக்கம் பாருங்கள். அங்கே 120 வோல்ட், இங்கே 230. மாற்றும் வசதி இல்லாததை நேரே செருகினால் எரிந்துவிடும்.