அலை உடையாத இடம்

1995 காணும் பொங்கலன்று, பாலவாக்கம் கடற்கரையில் ஒரு கட்டுமரத்தின் மேல் ஆறு சட்டைகளைக் கழற்றி வைத்துவிட்டுத் தண்ணீரில் இறங்கினோம். திரும்பி வந்து சட்டை மாட்டிக்கொண்டவர்கள் ஐந்து பேர். எல்லோருக்கும் பதினேழு வயது. மார்ச்சில் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு.

பாலவாக்கம் அப்போது பஞ்சாயத்து. மெயின் ரோட்டிலிருந்து கடல்வரை மணல் பாதை, வழியெல்லாம் சவுக்கு. திரும்பி வராத அந்த ஆறாவது பையனின் வீட்டுக் கிணற்றில் கை நீட்டினால் எட்டும் போலத் தண்ணீர் கிடக்கும். கடல் அவ்வளவு பக்கத்தில் இருந்தும் உப்பே கரிக்காது. அதற்கு முந்தைய வருடம், பங்குனி ஆமை முட்டைகளைக் காப்பாற்ற நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர்வரை ராத்திரியில் நடக்கும் மாணவர்களோடு எங்களையும் இழுத்துக்கொண்டு போனான். நூற்றுச் சொச்சம் முட்டைகள் இருந்த பையைக் கடைசிவரை யாரிடமும் கொடுக்கவில்லை. தூக்கிப் போட்டுப் பிடிக்கிற பிங்பாங் பந்து மாதிரி இருக்கிறதே என்று நான் சொன்னதற்குக் கோபித்துக்கொண்டான்.

அந்தக் காணும் பொங்கலன்று கரையில் வலை பின்னிக்கொண்டிருந்த குப்பத்துப் பெரியவர் ஒருவர் தலையைத் தூக்கி, "தம்பி, அங்க எறங்காதீங்க, இழுக்கும்" என்றார். நாங்கள் சிரித்தோம். அவனுக்கு நீச்சல் தெரியாது, அதனால் எங்களைப்போல நுரைக்குள் குதிக்காமல் பத்தடி தள்ளிப் போய் நின்றான். "இங்க அலையே இல்லடா, இங்க வாங்க" என்று கூப்பிட்டான்.

அலை உடையாத அந்த இடம்தான் ஆபத்து என்பதை நான் பல வருடம் கழித்துத் தெரிந்துகொண்டேன். கரைக்கு வந்த நீர் எப்படியும் திரும்பிப் போயாக வேண்டும். மணல்திட்டுகளுக்கு நடுவே பள்ளம் விழுந்திருக்கும் இடத்தில் அது ஒன்றாகச் சேர்ந்து வாய்க்கால் மாதிரி உள்ளே ஓடும். அங்கே ஆழம் கூடுதல் என்பதால் அலை உடையாது, நுரை இருக்காது, குளம்போலத் தெரியும். பயந்த சுபாவம் உள்ளவன்தான் அதைத் தேடிப் போய் நிற்பான். இழுத்தால் கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போடக் கூடாது. பக்கவாட்டில் ஒதுங்கினால் சிறிது தூரத்தில் இழுவை விட்டுவிடும். இயற்பியலில் அலையைப் பற்றி ஒரு பாடம் முழுக்கப் படித்திருந்தோம். கடலோரத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்த நாலு வரியை யாரும் சொல்லித் தரவில்லை. அதை இன்றும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

குப்பத்து ஆட்கள் இருட்டும்வரை கட்டுமரத்தில் தேடினார்கள். மறுநாள் காலை நீலாங்கரைப் பக்கம் கிடைத்தான்.

பெயர்ப் பட்டியல் முன்பே போய்விட்டதால் அவனுக்கும் ஹால் டிக்கெட் வந்தது. அவன் அப்பா வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு போனார். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. வரிசை எண்ணில் அவன் எனக்கு முன்னால். தமிழ் முதல் தாளிலிருந்து கடைசிப் பரீட்சைவரை என் முன் பெஞ்ச் காலி. ஒவ்வொரு நாளும் மேற்பார்வைக்கு வருபவர் புது ஆள், ஒவ்வொரு நாளும் "இந்தப் பையன் வரலையா?" என்று கேட்டு, ஆப்சென்ட் என்று குறித்துக்கொண்டு நகர்வார். வீட்டில் அவன் பேச்சை எடுக்காதே என்றார்கள், பள்ளியிலும் அப்படித்தான். அழுவதற்குக்கூட எங்களுக்கு இடம் விடவில்லை.

இப்போது வகுப்புக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது. அவன் பிறந்தநாளன்று அவன் இருக்கும் ஒரே குரூப் போட்டோவை யாராவது போடுகிறார்கள். அவன் கண்ணை மூடிக்கொண்டிருக்கும் போட்டோ. அன்று பேச விடாத பேச்சையெல்லாம் ஐம்பதை நெருங்கும் ஆட்கள் எழுதுகிறார்கள். கைகூப்பும் பொம்மைகள் மட்டும்தானே என்று சிலருக்குத் தோன்றலாம். எனக்கு அதுவே பெரிது.

2004 சுனாமிக்குப் பிறகு கட்டுமரங்கள் போய் ஃபைபர் படகுகள் வந்தன. 2011இல் பாலவாக்கம் மாநகராட்சியோடு சேர்ந்தது. மணல் பாதை இருந்த இடமெல்லாம் அடுக்குமாடி, காபி கடை. தண்ணீர் லாரி பின்பக்கமாகத் திரும்ப இடமில்லாமல் ஹாரன் அடிக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கடற்கரைக்கு வரும் பிள்ளைகள் எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். அவர்களைத் 'தம்பி' என்று அதட்டும் தூரத்தில் வலை பின்னுகிறவர் யாரும் உட்கார்ந்திருப்பதில்லை.

அதனால் நான் போய் உட்காருகிறேன். போன மாதம் மூன்று பையன்கள் பேன்ட்டை முழங்காலுக்குச் சுருட்டிவிட்டுக்கொண்டு நுரையில்லாத பக்கமாக நடந்தார்கள். எழுந்து ஓடினேன்.

"ஏன் அங்கிள்? இங்கதான் அலையே இல்லையே?"

கையைப் பிடித்து இழுத்து வந்து, ஈர மணலில் விரலால் பள்ளத்தையும் திட்டையும் வரைந்து காட்டினேன். ஒருவன் மட்டும் குனிந்து கடைசிவரை பார்த்தான். அடுத்த அலை வந்து அதை அழித்ததும், "இன்னொரு தடவை போடுங்க அங்கிள்" என்றான்.