ரிமோட் கார் பேட்டரி: விற்குமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஆடிப் பதினெட்டுக்கு ஒகேனக்கல் செல்லும் கூட்டத்தையும் கோடை விடுமுறையையும் நம்பி, மளிகையோடு நான்கு பொம்மைகளையும் வாங்கித் தொங்கவிடும் வியாபாரிகள் நமது தருமபுரி மாவட்டத்தில் பலர் உண்டு. முன்பு பொம்மைக் கார் விற்றால் கூடவே பென்சில் பேட்டரி நான்கைக் கொடுத்து அனுப்பிவிடுவோம். இன்று வரும் ரிமோட் கார்களில் பெரும்பாலும் லித்தியம் பேட்டரிதான் இருக்கிறது. மைதானத்தில் பந்தயம் விடும் பெரிய கார்களுக்குத் தனி பேட்டரி கேட்டு இளைஞர்களும் வரத் தொடங்கியுள்ளனர். இலாபம் பரவாயில்லை. ஆனால் சரக்கு எப்படிப்பட்டது என்பதை அறிந்தே அலமாரியில் ஏற்ற வேண்டும்.

மண்ணெண்ணெய் டின்னை எங்கே வைப்பது என்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. லித்தியம் பேட்டரியையும் அந்தக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும். இதன் உள்ளே இரண்டு தகடுகளுக்கு நடுவே ஒரு மெல்லிய படலமும், எளிதில் தீப்பற்றும் திரவமும் உள்ளன. அளவுக்கு மீறி சார்ஜ் ஏறினாலோ, நசுங்கினாலோ, கடுமையாகச் சூடானாலோ படலம் கிழிந்து உள்ளேயே ஷார்ட் ஆகும். பிறகு சூடு தானாகவே ஏறிக்கொண்டு போகும். 2022 மார்ச்சில் வேலூரில் இரவு வீட்டில் சார்ஜில் போட்டிருந்த மின் ஸ்கூட்டர் எரிந்து, புகையில் சிக்கித் தந்தையும் மகளும் உயிரிழந்ததை மறந்திருக்க மாட்டோம். கார் பேட்டரி அதைவிட மிகச் சிறியதுதான். ஆனால் குணம் ஒன்றே.

சார்ஜர் விஷயத்தில்தான் தவறு அதிகம் நடக்கிறது. ஒரு லித்தியம் செல்லின் மின்னழுத்தம் 3.7 வோல்ட், முழுதாக ஏறினால் 4.2. பந்தயக் கார்களில் இரண்டு செல் சேர்ந்த 7.4 வோல்ட் பேட்டரி வழக்கம், அது 8.4 வோல்ட்டில் நின்றுவிட வேண்டும். பழைய நிக்கல் பேட்டரியின் சார்ஜர், பேட்டரி நிறைந்ததும் வோல்ட் சற்றே இறங்குவதைப் பார்த்து நிற்கும். லித்தியத்தில் அந்த இறக்கம் வராது. ஆகவே அந்தச் சார்ஜர் நிற்காமல் ஏற்றிக்கொண்டே இருக்கும். "பின் பொருந்துகிறதே, இதுவே போதும்" என்று எதையாவது எடுத்துக் கொடுப்பது கூடாது. பேட்டரியில் பெரிய ஒயரோடு ஒரு சிறிய வெள்ளைப் பிளக்கும் இருக்கும். ஒவ்வொரு செல்லையும் தனித்தனியே அளந்து சமமாக ஏற்றுவதற்கு அது. அதைப் பயன்படுத்தும் சார்ஜரையே விற்க வேண்டும். 5000 எம்.ஏ.எச். பேட்டரிக்கு 5 ஆம்பியருக்கு மேல் வைக்க வேண்டாம் என்றும் சொல்லி அனுப்பலாம். ஒரு செல் 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கும்வரை ஓட்டினாலும் பேட்டரி கெடும்.

கொள்முதலில் இன்னொரு சங்கடம். கட்டைவிரல் பருமனுள்ள 18650 என்னும் செல்லில் 9900 எம்.ஏ.எச். என்று அச்சடித்து வருகிறது. அந்த அளவுச் செல்லில் 3500 என்பதே நல்ல சரக்கு. ஒன்பதாயிரத்தை நம்பி வாங்குவது, முத்திரையில்லாத படிக்கல்லை நம்புவது போலத்தான். பென்சில் பேட்டரி அளவிலேயே 3.7 வோல்ட் லித்தியம் செல்லும் வருகிறது. அதைச் சுவர்க் கடிகாரத்திலோ ரிமோட்டிலோ போட்டால் பொருள் வீணாகும். இரண்டையும் ஒரே டப்பாவில் போட்டு வைக்காதீர்கள். லித்தியம் பேட்டரிக்கு ஐ.எஸ். 16046 தரப்படி பி.ஐ.எஸ். பதிவு எண் இருக்க வேண்டும். பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். பில் இல்லாமல் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கினால், சோதனைக்கு வருபவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் கடைக்காரர்தான்.

கடையில் இவற்றைத் தகரக் கூரைக்கு அடியிலோ வெயில் விழும் கண்ணாடி ஷோகேஸிலோ வைக்கக் கூடாது. நமது சித்திரை வெயிலில் மூடிய கண்ணாடிப் பெட்டிக்குள் என்ன சூடு இருக்கும் என்று கையை விட்டுப் பார்த்தாலே தெரியும். நெடுநாள் இருப்பு வைக்கும் செல்கள் முழுதாக ஏறாமல், சுமார் 3.8 வோல்ட்டில் இருப்பது நல்லது. கடை பூட்டும்போது எதையும் சார்ஜில் விட்டுச் செல்லாதீர்கள். சார்ஜ் போடும் இடம் சிமென்ட் தரையாகவோ ஓடு பதித்த இடமாகவோ இருக்கட்டும். அட்டைப் பெட்டிகளும் எண்ணெய் டின்களும் அருகில் வேண்டாம்.

உப்பிய பேட்டரியைத் திரும்பக் கொண்டு வருபவர்கள் உண்டு. அதைக் குத்திக் காற்றை வெளியேற்றலாம் என்று சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறோம்; அது மிக ஆபத்தானது. அதை மறுபடி சார்ஜ் செய்யவும் கூடாது. தீப்பிடித்துவிட்டால் மெயின் சுவிட்சை அணைத்து, ஆட்களை வெளியேற்றி, 101-க்குச் சொல்லுங்கள். புகை நச்சு, அதைச் சுவாசிக்கக் கூடாது. மின்சாரத்தைத் துண்டித்தபின் தண்ணீரைத் தாராளமாக ஊற்றலாம். சூட்டைத் தணிப்பது தண்ணீரே. கொஞ்சம் மணல் போட்டால் தீ மறையுமே தவிர, உள்ளே கனன்றுகொண்டிருக்கும்.

இதோடு சேர்த்து ஒன்று. சிறிய ரிமோட்டுகளில் இருக்கும் சி.ஆர். 2032 போன்ற காசு வடிவ பேட்டரியும் லித்தியமே. குழந்தை அதை விழுங்கினால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாய் அரிக்கப்படலாம். மூடியில் திருகாணி இல்லாத பொம்மையைச் சிறு குழந்தை உள்ள வீட்டுக்கு விற்காதீர்கள். விழுங்கிவிட்டதாகத் தெரிந்தால், வாந்தி எடுக்க வைக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போகச் சொல்லுங்கள்.

தீர்ந்துபோன பேட்டரியைக் குப்பையோடு சேர்த்துக் கொளுத்துவது இன்னும் நடக்கிறது. 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பழையதைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. நாம் செய்ய வேண்டியது, இரு முனைகளிலும் ஒட்டுநாடா சுற்றி, மூடாத பிளாஸ்டிக் வாளியொன்றில் தனியே போட்டு வைத்து, சரக்கு கொண்டு வரும் ஏஜெண்டிடம் எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்பது.