மாருதி ஆம்னி வேன்: தேய்ந்த முன்பக்க சஸ்பென்ஷன் பாகங்களை வீட்டில் மாற்றுதல்

வாகனத்தின் உடலைச் சக்கரங்களோடு இணைத்து, சாலையின் மேடுபள்ளங்களிலிருந்து வரும் அதிர்வைத் தாங்கும் அமைப்பு சஸ்பென்ஷன் அல்லது தொங்கல் அமைப்பு எனப்படும். முன்பக்க சஸ்பென்ஷனுக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஸ்டியரிங் திரும்பும்போது சக்கரத்தைச் சரியான கோணத்தில் பிடித்து வைப்பதும் அதுவே. ஆகவே அதன் பாகங்கள் தேயும்போது பயணச் சுகம் மட்டுமன்றி, வண்டி ஓட்டுநரின் கட்டுப்பாட்டில் இருப்பதும் பாதிக்கப்படுகிறது.

மாருதி ஆம்னி 1984இல் "மாருதி வேன்" என்ற பெயரில் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. 1988இல் ஆம்னி என்ற பெயரைப் பெற்றது. 2019இல் இதன் உற்பத்தி நின்றது. தொலைதூரப் பேருந்துகளைக் குறிக்கும் "ஆம்னி பஸ்" என்ற சொல்லுக்கும் இந்த வேனுக்கும் தொடர்பில்லை. பள்ளி வண்டி, ஆம்புலன்ஸ், காய்கறி வண்டி, குடும்ப வண்டி எனப் பல வேலைகளுக்கு இது பயன்பட்டது. இன்று ஓடும் ஆம்னிகளில் பல, பதினைந்து ஆண்டுகளைக் கடந்து பதிவு புதுப்பிக்கப்பட்டவை. அடிப்படைக் கருவிகளும் பொறுமையும் உள்ள ஒருவர் இவற்றின் முன்பக்கப் பாகங்களில் பெரும்பாலானவற்றை வீட்டிலேயே மாற்ற முடியும். எந்தப் பாகம் தேய்ந்தது என்று முதலில் உறுதி செய்வதும், எந்த வேலையைப் பட்டறைக்கு விட வேண்டும் என்று அறிவதும் இதில் முக்கியம்.

அமைப்பு

ஆம்னியின் பின்பக்கத்தில் பட்டைவில்லும், முன்பக்கத்தில் மெக்பெர்சன் ஸ்டிரட் என்னும் அமைப்பும் உள்ளன. ஏர்ள் மெக்பெர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1940களில் உருவாக்கிய இந்த அமைப்பில், ஷாக் அப்சார்பரும் அதைச் சுற்றிய சுருள்வில்லும் சேர்ந்து ஒரே தூணாக நிற்கும். அதன் முக்கியப் பாகங்கள்:

- ஸ்டிரட்: மேல்முனை ரப்பர் தாங்கி வழியாக வண்டியின் உடலோடும், கீழ்முனை சக்கரத்தைத் தாங்கும் நக்கிளோடும் பொருத்தப்பட்டிருக்கும். வண்டியின் முன்பக்க எடையைத் தாங்குவது இதுவே.
- லோயர் ஆர்ம்: நக்கிளின் அடிப்பகுதியை வண்டியின் அடிச்சட்டத்தோடு இணைக்கும் கை. உள்முனையில் ரப்பர் புஷ் இருக்கும்.
- பால் ஜாயின்ட்: லோயர் ஆர்மின் வெளிமுனையில் உள்ள பந்து மூட்டு. சக்கரம் மேலும் கீழும் அசையவும், இடம் வலம் திரும்பவும் இடம் கொடுக்கிறது.
- டை ராட் எண்ட்: ஸ்டியரிங்கின் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுசெல்லும் தண்டின் முனையில் உள்ள சிறிய பந்து மூட்டு.

மெக்பெர்சன் அமைப்பில் பால் ஜாயின்ட் வண்டியின் எடையைச் சுமப்பதில்லை. ஆனால் சக்கரத்தின் அடிப்பகுதியைப் பிடித்திருப்பது அது ஒன்றுதான். அது கழன்றால் சக்கரம் வெளிப்பக்கம் சாய்ந்து மடங்கிவிடும். ஆம்னியில் ஓட்டுநரின் இருக்கை ஏறக்குறைய முன்சக்கரத்துக்கு மேலேயே அமைந்திருப்பதால் இந்தப் பழுதை அலட்சியம் செய்யக் கூடாது.

தேய்மானத்தின் அறிகுறிகள்

"கடகட" என்று முன்பக்கம் சத்தம் கேட்டவுடன் ஷாக் அப்சார்பரை மாற்றுவது பலரும் செய்யும் தவறு. ஒரே சத்தம் பல பாகங்களிலிருந்து வரக்கூடும்.

- சிறு குழிகளில் "டக் டக்" என்ற சத்தம்: பால் ஜாயின்ட், ஸ்டிரட்டின் மேல் தாங்கி அல்லது புஷ்.
- பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுத்தல், ஒரு தட்டல் சத்தம்: லோயர் ஆர்ம் புஷ். பிரேக்கின் பழுதும் இதே அறிகுறியைத் தரும்.
- ஸ்டியரிங்கில் வெற்று அசைவு, நேர்சாலையில் வண்டி அலைதல்: டை ராட் எண்ட் அல்லது ஸ்டியரிங் ரேக்.
- வேகத்தடையைத் தாண்டியபின் முன்பக்கம் பலமுறை ஆடுதல், ஸ்டிரட்டின் உடலில் எண்ணெய்க் கசிவு: ஷாக் அப்சார்பர்.
- டயரின் ஒரு விளிம்பு மட்டும் தேய்தல்: சக்கரக் கோணம் மாறியிருத்தல். டயரில் ஆங்காங்கே குழி விழுதல்: பெரும்பாலும் ஷாக் அப்சார்பர்.

வீட்டில் செய்யும் சோதனை

வண்டியின் உடலை ஸ்டாண்டில் தாங்கி, முன்சக்கரம் தொங்கும்படி வைக்க வேண்டும். சக்கரத்தைக் கடிகார முகப்பாகக் கொண்டால், 12 மணி, 6 மணி இடங்களைப் பிடித்து உள்ளும் வெளியுமாக அசைக்க வேண்டும். ஆட்டம் தெரிந்தால், இன்னொருவரைப் பிரேக் மிதியை அழுத்தச் சொல்லி மீண்டும் அசைக்க வேண்டும். பிரேக் அழுத்தியதும் ஆட்டம் மறைந்தால் பழுது வீல் பேரிங்கில் உள்ளது. மறையாவிட்டால் பால் ஜாயின்ட்டையோ ஸ்டிரட்டின் பொருத்தங்களையோ பார்க்க வேண்டும். 3 மணி, 9 மணி இடங்களில் மட்டும் ஆட்டம் தெரிந்தால் அது டை ராட் எண்ட் அல்லது ஸ்டியரிங் ரேக்கின் பழுது.

அடுத்து, லோயர் ஆர்முக்கும் நக்கிளுக்கும் இடையே ஒரு கடப்பாரைத் துண்டை நுழைத்து நெம்பினால் பால் ஜாயின்ட்டின் ஆட்டம் கண்ணுக்குத் தெரியும். அதன் ரப்பர் உறை கிழிந்திருந்தால், ஆட்டம் இல்லாவிட்டாலும் உள்ளே மண்ணும் நீரும் புகுந்திருக்கும். அதையும் மாற்றுவதே நல்லது. புஷ்ஷின் ரப்பர் விரிசல் விட்டிருக்கிறதா, உலோகத்திலிருந்து பிரிந்திருக்கிறதா என்று விளக்கடித்துப் பார்க்க வேண்டும்.

கருவிகளும் முன்னேற்பாடும்

பாக்ஸ் ஸ்பேனர் தொகுதி, ரிங் ஸ்பேனர்கள், ஜாக்கி, இரண்டு ஜாக்கி ஸ்டாண்டுகள், இரண்டு சுத்தியல்கள், பால் ஜாயின்ட் கழற்றும் புல்லர், டார்க் ரெஞ்ச், கம்பித் துண்டு ஆகியவை தேவை. துருப்பிடித்த நட்டுகளுக்கு முந்தைய நாள் இரவே துரு நீக்கும் எண்ணெய் விட்டு வைத்தால் மறுநாள் பாதி வேலை குறையும்.

இறுகிய நட்டைத் தீயால் சூடாக்கிக் கழற்றும் பழக்கம் பட்டறைகளில் உண்டு. ஆம்னியில் இதை வீட்டில் செய்யக் கூடாது. எஞ்சின் முன்னிருக்கைகளுக்கு அடியிலேயே உள்ளது. எரிபொருள் குழாய்களும் அருகில் செல்கின்றன. பல ஆம்னிகள் எல்பிஜி எரிவாயுவில் ஓடுபவை.

வண்டியைத் தூக்கும் இடம் சமமான சிமெண்ட் தரையாக இருக்க வேண்டும். பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, கைப்பிரேக் இட வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் செல்லக் கூடாது. செங்கல்லையும் ஹாலோ பிளாக் கல்லையும் தாங்கலாக வைப்பது மிக ஆபத்தானது. அவை எச்சரிக்கை ஏதுமின்றி ஒரே நொடியில் நொறுங்கும். கழற்றிய சக்கரத்தை வண்டியின் ஓரத்தில் அடியில் படுக்க வைப்பது கூடுதல் பாதுகாப்பு.

லோயர் ஆர்ம், பால் ஜாயின்ட் மாற்றும் முறை

1. சக்கரம் தரையில் இருக்கும்போதே வீல் நட்டுகளை அரைச் சுற்று தளர்த்த வேண்டும். பிறகு வண்டியைத் தூக்கி, இரு பக்கமும் ஸ்டாண்டு வைத்துச் சக்கரத்தைக் கழற்ற வேண்டும். இரு பக்கமும் ஒரே உயரத்தில் தொங்கினால், குறுக்குக் கம்பி உள்ள வண்டிகளில் அதன் முறுக்கமும் குறையும்.

2. எதையும் தொடும் முன் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். வாஷர்களும் ரப்பர்களும் எந்த வரிசையில் இருந்தன என்பது பொருத்தும்போதுதான் சந்தேகமாகும்.

3. பால் ஜாயின்ட் நட்டின் காட்டர் பின்னை நீக்கி, நட்டைத் தளர்த்த வேண்டும். ஆனால் முழுவதும் கழற்றாமல் சில புரிகளில் விட்டு வைக்க வேண்டும். மூட்டு திடீரென விடுபடும்போது ஆர்ம் கீழே அடிக்காமல் இந்த நட்டு தடுக்கும்.

4. பால் ஜாயின்ட்டின் தண்டு கூம்பு வடிவில் நக்கிளில் இறுகியிருக்கும். புல்லரால் அதைக் கழற்றுவது சிறந்தது. புல்லர் இல்லையென்றால் நக்கிளின் துளை உள்ள பகுதியின் பக்கவாட்டில், எதிரெதிராக இரு சுத்தியல்களால் ஒரே நேரத்தில் தட்ட வேண்டும். தண்டின் நுனியில் அடித்தால் புரி கெட்டுவிடும். கவை வடிவக் கருவி ரப்பர் உறையைக் கிழித்துவிடும் என்பதால், மீண்டும் பயன்படுத்த வேண்டிய மூட்டில் அதைப் போடக் கூடாது.

5. ஆர்மோடு இணைந்த கம்பிகளை விடுவித்து, உள்முனை போல்ட்டை உருவி ஆர்மை வெளியே எடுக்க வேண்டும். ஆர்ம் வளைந்திருந்தால் நிமிர்த்தக் கூடாது. புதியது வாங்க வேண்டும்.

6. பழைய பாகத்தைக் கடைக்குக் கொண்டுசென்று ஒப்பிட்டு வாங்குவது நல்லது. நீண்ட காலம் தயாரான வண்டி என்பதால் ஆண்டுக்கு ஆண்டு பாகங்களில் வேறுபாடு இருக்கலாம். ஆர்ம், புஷ், பால் ஜாயின்ட் மூன்றும் சேர்ந்த முழுத் தொகுதி கிடைத்தால், புஷ் அழுத்தும் வேலை மிச்சமாகும். புஷ் மட்டும் வாங்கினால் பிரஸ் உள்ள பட்டறையில் அழுத்தித் தரச் சொல்லலாம்.

7. புதிய ஆர்மைப் பொருத்தி, உள்முனை போல்ட்டைக் கையால் மட்டும் இறுக்க வேண்டும். பால் ஜாயின்ட் நட்டை டார்க் ரெஞ்சால் குறிப்பிட்ட அளவுக்கு இறுக்கி, புதிய காட்டர் பின் போட வேண்டும். துளை நேராக வராவிட்டால் நட்டைச் சற்று கூடுதலாக இறுக்கலாம். பின்னோக்கித் தளர்த்தக் கூடாது.

புஷ் போல்ட்டைக் கடைசியில் இறுக்குவதன் காரணம்

வீட்டில் வேலை செய்பவர்கள் அதிகம் தவறவிடும் படி இது. புஷ்ஷின் ரப்பர் அதன் உள்குழாயோடும் வெளிக்குழாயோடும் ஒட்டியிருக்கும். அது சுழல்வதில்லை, முறுகித் திரும்புகிறது. சக்கரம் தொங்கும் நிலையில் போல்ட்டை இறுக்கினால், அந்த நிலையே ரப்பரின் இயல்பு நிலை ஆகிவிடும். வண்டியைத் தரையில் இறக்கியதும் ரப்பர் எப்போதும் முறுகிய நிலையிலேயே இருந்து விரைவில் கிழியும். "போன மாதம்தான் மாற்றினேன், மறுபடி சத்தம்" என்ற புலம்பலுக்குப் பல நேரங்களில் காரணம் இதுதான். பாகத்தின் தரம் அன்று.

ஆகவே சக்கரத்தை மாட்டி, வண்டியைத் தரையில் அல்லது சம உயரமான உறுதியான சாய்தளத்தில் நிறுத்தி, முன்பக்கத்தை இரண்டு மூன்று முறை அழுத்தி விட்டபின், வண்டியின் எடை சக்கரத்தின்மேல் இருக்கும் நிலையில்தான் இந்தப் போல்ட்டை முழுவதும் இறுக்க வேண்டும்.

ஸ்டிரட், சுருள்வில்

ஷாக் அப்சார்பரை இரு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஸ்டிரட்டைக் கழற்றும் முன் பிரேக் ஹோஸை அதன் பிடியிலிருந்து விடுவித்து, காலிப்பரைக் கம்பியால் கட்டித் தொங்கவிட வேண்டும். ஹோஸில் எடை விழக் கூடாது. ஸ்டிரட்டும் நக்கிளும் சேரும் இடத்தில் அடையாளக் கோடு போட்டுக்கொண்டால், சக்கரத்தின் சாய்வுக் கோணம் பழைய நிலைக்கு அருகில் வரும்.

ஸ்டிரட்டை முழுதாக வெளியே எடுப்பது வீட்டு வேலை. அதிலிருந்து சுருள்வில்லைப் பிரிப்பது அப்படியன்று. உதாரணமாக, 1 மி.மீ. அமுங்க 20 நியூட்டன் விசை தேவைப்படும் வில் 150 மி.மீ. அமுங்கியிருந்தால், அது 3,000 நியூட்டன் விசையோடு, அதாவது சுமார் 300 கிலோ எடைக்குச் சமமான அழுத்தத்தோடு நிற்கிறது. அதில் அடங்கிய ஆற்றல் 225 ஜூல். இது 10 கிலோ கல் 2.3 மீட்டர் உயரத்திலிருந்து தலையில் விழுவதற்குச் சமம்.

வில்லை அமுக்கும் கருவி இல்லாமல் ஸ்டிரட்டின் மேல் நடு நட்டை ஒருபோதும் தளர்த்தக் கூடாது. கயிறு, கம்பி, சங்கிலி எதுவும் இதற்கு மாற்றல்ல. கருவி இருந்தாலும், எதிரெதிர்ப் பக்கங்களில் மாட்டி, மாறி மாறிச் சில சுற்றுகளாக இறுக்க வேண்டும். வில்லின் நேருக்கு நேர் முகத்தை வைக்கக் கூடாது. கழற்றிய இரு ஸ்டிரட்டுகளையும் பட்டறையில் கொடுத்து உள்பாகங்களை மாற்றி வாங்கி, வீட்டில் மாட்டுவது நல்ல நடுவழி.

டை ராட் எண்ட்

லாக் நட்டைத் தளர்த்தும் முன் அதன் இடத்தைக் குறித்து, பழைய முனை எத்தனை சுற்றில் கழன்றது என்று எண்ணி, புதியதையும் அத்தனை சுற்று ஏற்ற வேண்டும். இது பட்டறை வரை ஓட்டிச் செல்லப் போதுமான சரிபார்ப்பு மட்டுமே.

டார்சன் பார் உள்ள வேன்கள்

இலங்கையில் "டொல்பின்" என்று அழைக்கப்படும் பழைய டொயோட்டா ஹைஏஸ் போன்ற வேன்களில் முன்பக்கம் சுருள்வில்லுக்குப் பதில் முறுக்குத் தண்டு உள்ளது. அங்கே லோயர் ஆர்மே எடையைச் சுமக்கிறது. முறுக்குத் தண்டின் நிலையைக் குறித்து, அதன் முறுக்கத்தை முழுவதும் தளர்த்திய பிறகே ஆர்மைத் தொட வேண்டும். மேலே சொன்ன வரிசை அவற்றுக்கு அப்படியே பொருந்தாது.

முடித்தபின் செய்ய வேண்டியவை

- காலிப்பரைத் தொட்டிருந்தால், வண்டியை எடுக்கும் முன் பிரேக் மிதியைப் பலமுறை அழுத்தி இறுக்கம் வரச் செய்தல்.
- ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுவதும் திருப்பி, ஹோஸ் எங்கும் இழுபடுகிறதா, உரசுகிறதா என்று பார்த்தல்.
- காலியான தெருவில் மெதுவாக ஓட்டி, பிரேக் பிடித்துப் பார்த்தல்.
- தாமதமின்றி வீல் அலைன்மென்ட் செய்தல். இதைத் தள்ளிப்போட்டால் புதிய டயரும் விரைவில் ஓரம் தேயும்.
- 50 முதல் 100 கி.மீ. ஓடியபின் எல்லா நட்டு போல்ட்டுகளையும் மீண்டும் சரிபார்த்தல்.

அடிச்சட்டத்தில் ஆர்ம் பொருந்தும் இடமோ, ஸ்டிரட்டின் மேல் தாங்கி அமரும் தகடோ துருவால் அரித்திருந்தால் புதிய பாகம் பயன் தராது. பழைய ஆம்னிகளில் முதலில் பார்க்க வேண்டிய இடங்கள் இவை. அங்கே சுத்தியலால் மெல்லத் தட்டும்போது தகடு பொடிந்தால், பாகம் வாங்கும் முன் வண்டியை உடல்வேலை செய்யும் பட்டறையில் காட்ட வேண்டும்.