வெயிலை வாசலில் நிறுத்துவோம் – 9: ஒன்றரை டன் பனிக்கட்டி

மின்விசிறியும் ஏசியின் 24 டிகிரியும் போன இரண்டு வாரங்களில் முடிந்துவிட்டன; விட்டவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளுங்கள். இந்த வாரம் மொட்டை மாடி என்று சொல்லியிருந்தேன். அதற்குள் ஒரு கணக்கு குறுக்கே வந்து உட்கார்ந்துவிட்டது.

ஏசி கடையில் முதல் கேள்வியே, "எத்தனை டன் சார் பார்க்கறீங்க?" என்பதுதான். அந்த டன், பனிக்கட்டியின் டன். 2,000 பவுண்டு, அதாவது 907 கிலோ பனிக்கட்டி ஒரு நாளில் முழுதும் கரைய எவ்வளவு சூடு வேண்டுமோ, அவ்வளவு சூட்டை ஒரு நாளில் அறையிலிருந்து வெளியே தள்ளுவது ஒரு டன் ஏசி.

அந்தப் பனிக்கட்டி நிஜமாகவே கப்பலேறி இங்கே வந்திருக்கிறது. பாஸ்டன் வியாபாரி ஃபிரெடரிக் டியூடர், குளிர்காலத்தில் மாசசூசெட்ஸ் ஏரிகளில் உறைந்ததை அறுத்து, கப்பலில் அடுக்கி, இந்தியாவுக்கு அனுப்பினார். 1833இல் கல்கத்தாவுக்குப் புறப்பட்ட முதல் கப்பலில் 180 டன். நான்கு மாதப் பயணம், பூமத்திய ரேகையை இரண்டு தடவை தாண்டவேண்டும். அப்படியும் ஏறக்குறைய 100 டன் கரையாமல் போய்ச் சேர்ந்தது! 1842இல் சென்னையிலும் அதற்கென ஒரு கிடங்கு எழுந்தது. கடற்கரைச் சாலையில் இன்று விவேகானந்தர் இல்லமாக நிற்கும் ஐஸ் ஹவுஸ் அதுதான். நான்கு மாதம் அந்தப் பனிக்கட்டியைக் காத்தது எந்த இயந்திரமும் இல்லை, மரத்தூள். சூடு உள்ளே நுழைய முடியாதபடி சுற்றிலும் மரத்தூளை அடைத்தார்கள், அவ்வளவுதான். இந்தத் தொடரை நான் எழுதுவதே அந்த மரத்தூளுக்காக என்று தோன்றுகிறது.

இப்போது நம் படுக்கையறை. ஒன்றரை டன் ஏசி இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை நிற்காமல் ஓடினால் சுமார் 450 கிலோ பனிக்கட்டி கரைந்ததற்குச் சமம். 50 கிலோ ஐஸ் பாராகக் கணக்கிட்டால் ஒன்பது பார். ஒரு சின்ன அறைக்கு எதற்கு ஒன்பது பார்? அங்கே தூங்கும் இரண்டு பேரின் உடல் சூட்டுக்கு எட்டு மணி நேரத்தில் பதினைந்து கிலோகூட வேண்டாம். மற்றதெல்லாம் கூரை, சுவர், ஜன்னல், கதவிடுக்கு வழியாக நாம் உள்ளே விட்ட சூடு.

கதவிடுக்கை லேசாக நினைக்காதீர்கள். கடலோர ஊர்களில் அதன் வழியே வருவது சூடு மட்டுமல்ல, ஈரமும்தான். காற்றிலுள்ள ஈரத்தைத் தண்ணீராக்கவும் ஏசி உழைக்கவேண்டும். வெளியே குழாயில் சொட்டி வாளியில் சேர்கிறதே, அதில் ஒவ்வொரு லிட்டருக்கும் ஏழு கிலோ பனிக்கட்டி செலவு. மழைக்காலத்தில் துணி காயவில்லையென்று ஏசி அறையில் கொடி கட்டுகிறவர்களை எனக்குத் தெரியும். துணியிலிருந்து போகும் ஈரத்தையும் ஏசிதான் தண்ணீராக்கவேண்டும். குளியலறைக் கதவைச் சாத்துங்கள். வாசல் கதவின் அடியில் ரப்பர் பட்டை ஒட்டுங்கள். இரண்டுக்கும் பெரிய செலவில்லை.

போன மாதம் நண்பர் ஒருவருடன் கடைக்குப் போயிருந்தேன். அறை சிறியது, ஒரு டன் போதும் என்று ஆரம்பித்த விற்பனையாளர் நடுவில் கேட்டார்: "மேல் மாடியா சார்? மொட்டை மாடி நேரா மேலயா? அப்ப ஒன்றரை டன்னே போட்டுருங்க." நண்பர் தலையாட்டினார். விற்பனையாளர் சொன்னதில் தப்பில்லை. அந்த வீடு இன்றிருக்கும் நிலையில் அதுதான் சரி. ஆனால் அந்தக் கூடுதல் அரை டன் கூரைக்காக வாங்கியது. பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட், நடுராத்திரி வரை அதைக் கீழே இறக்கிக்கொண்டிருக்கிறது. முழுதாக ஓடும் இரவில் அந்த அரை டன்னுக்கு மட்டும் மூன்று பார். வருஷா வருஷம் கோடை முழுக்க அதற்கு மின்கட்டணம் கட்டுவதா, ஒரு தடவை கூரையைக் கவனிப்பதா?

சுண்ணாம்பு அடிப்பதா, வெள்ளை ஓடு பதிப்பதா, பந்தல் போடுவதா என்பதெல்லாம் அடுத்த வாரம். அதற்குள் வெயில் அடித்த ஒரு நாள் இரவு ஒன்பது மணிக்கு மாடிக்குப் போய்த் தளத்தில் வெறுங்காலோடு கொஞ்ச நேரம் நின்று பாருங்கள்.

(தொடரும்)