'மகிழ்ச்சி'க்கு மதிப்பெண் போடுவது யார்?

சங்க இலக்கியத்தில் நம் மாவட்டத்துக்கு ஒரு பெரிய இடம் உண்டு. பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம், செங்கண்மா என்று அன்று அழைக்கப்பட்ட நம் செங்கத்தை ஆண்ட நன்னனைப் பாடுகிறது. அந்த நூலுக்குக் கூத்தராற்றுப்படை என்ற பெயரும் உண்டு. அதன் தொடக்கத்திலேயே முழவு, ஆகுளி, பதலை, தூம்பு, குழல் என்று இசைக்கருவிகளைப் பையில் கட்டிச் சுமந்தபடி கலைஞர்கள் மலைவழியே நடந்து வருகிறார்கள். நன்னன் அவர்களை வாசலில் நிற்க வைக்கவில்லை. உள்ளே அழைத்து உணவும் உடையும் பரிசும் தந்தான் என்கிறது பாட்டு.

அதே மண்ணில் இன்று தோற்கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒருவர் நடந்தால், "எந்த ஊர்ல சாவு?" என்று கேட்கிறார்கள். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதற்காகத்தான் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்ற இசைக்குழுவைப் பற்றியும், அதன் முதல் இசைத்தொகுப்பான 'மகிழ்ச்சி' பற்றியும் இந்த வாரம் எழுதுகிறோம்.

இயக்குநர் பா.ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு இது. 2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் 19 பேர் ஒரே மேடையில் நின்று பாடினார்கள். கானா பாடகர்கள், ராப் பாடகர் அறிவு, பறை, சட்டி, கட்ட மோளம், இவற்றோடு கிடாரும் டிரம்ஸும். ஆயிரக்கணக்கானோர் கூடிக் கேட்டார்கள். குழுவின் பெயருக்கு வேர், பண்டிதர் அயோத்திதாசரின் சாதியற்ற தமிழர் என்ற சிந்தனை. 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கி, சாதிக்கு முந்தைய ஒரு வரலாறு நமக்கு உண்டு என்று எழுதியவர் அவர். நூறாண்டு கழித்து அவர் எண்ணம் ஒரு பாட்டுக்குழுவின் பெயராகியிருக்கிறது.

குழு வந்தவுடன் ஆங்கில ஏடுகள் பாராட்டின. எதிர்ப்பின் குரல், கலக இசை, அரசியல் ராப் என்றெல்லாம் எழுதினார்கள். இடஒதுக்கீட்டைப் பற்றி ஒரு பாட்டு, மாட்டுக்கறியைப் பற்றி ஒரு பாட்டு என்று பட்டியல் போட்டார்கள். இன்னொரு பக்கம், "இசையில் எதற்குச் சாதியைக் கொண்டு வருகிறீர்கள்?" என்ற வசையும் வந்தது. நம் பார்வையில் பாராட்டியவர்களும் வைதவர்களும் ஒரே இடத்தில்தான் நின்றார்கள். இரு தரப்பும் பேசியது பாட்டின் கருத்தைப் பற்றி. தாளம் எப்படி இருந்தது, கானாவின் இழுவையும் கிடாரின் நரம்பும் ஒட்டியதா, பறையின் அடி மற்ற கருவிகளுக்கு நடுவே தெளிவாகக் கேட்டதா என்று கேட்டவர்கள் மிகக் குறைவு. ஒரு கர்நாடக இசைக் கச்சேரிக்கு விமர்சனம் எழுதுகிறவர் ராகத்தையும் நிரவலையும் பற்றி எழுதுகிறார். நம் பிள்ளைகள் பாடினால் மட்டும் "கோபம் தெரிகிறது" என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். கோபப்பட மட்டுமா நமக்குத் தெரியும்? தொகுப்புக்கு அவர்கள் வைத்த பெயர் 'மகிழ்ச்சி' என்பதைக்கூடப் பலர் யோசிக்கவில்லை.

இதைப் பேசுவதற்காக, எங்கள் பகுதி மாலை நேரப் படிப்பகத்தில் மாணவர்களோடு உட்கார்ந்து அந்தப் பாட்டுகளை ஒலிபெருக்கியில் போட்டோம். தெருவோரம் உட்கார்ந்திருந்த முதியவர் ஒருவரும் உள்ளே வந்து கேட்டார். இருபது வயது முதல் பறை அடித்தவர் அவர். கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டுச் சொன்னார்: "நல்லாத்தான் அடிக்கிறானுங்க தம்பி. ஆனா அந்தக் கம்பி வாத்தியம் முன்னாடி வந்துடுது. நம்முது பின்னாடி நிக்குது. சிம்புக்குச்சி சத்தம் சரியா கேக்கல பாரு."

எந்த ஏட்டிலும் நாங்கள் படிக்காத விமர்சனம் இது. இடது கையில் நீண்ட மெல்லிய சிம்புக்குச்சி, வலது கையில் குட்டையான அடிக்குச்சி. இரண்டும் பேசிக்கொள்வதுதான் பறை. வைக்கோல் தீயில் தோலைக் காய்ச்சி, எந்தச் சூட்டில் எந்தக் குரல் வரும் என்று காதாலேயே கண்டுபிடிப்பவர்கள் அந்தக் கலைஞர்கள். நாற்பதாண்டுப் பயிற்சி உள்ள அந்தக் காதை யாரும் விமர்சகர் என்று ஒப்புக்கொள்வதில்லை.

"நீங்க இப்பவும் அடிப்பீங்களா தாத்தா?" என்று கல்லூரியில் படிக்கும் மாணவி ஒருவர் கேட்டார். முதியவரின் முகம் மாறியது. "வுட்டு பதினஞ்சு வருசமாச்சும்மா. எங்கப்பாரு செத்த மூணாம் நாளே, ஊருல ஒரு சாவுன்னு வந்து கூப்டாங்க. வரலன்னேன். கேட்ட வார்த்தைய இங்க சொல்ல முடியாது. அன்னிக்கே குச்சிய அடுப்புல வெச்சிட்டேன். எம் பையன் கையில அது இருக்கக் கூடாது." படிப்பகத்தில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை.

தலித் மக்களுக்குள் 'மகிழ்ச்சி' எப்படி வரவேற்கப்பட்டது என்று எழுத வேண்டுமானால் இந்த மௌனத்தையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும். பறை நம் கலை, அதை எடுத்து உலகுக்குக் காட்டுவோம் என்பது ஒரு நிலை. பறை நம்மீது சுமத்தப்பட்ட இழிதொழில், அதைக் கைவிடுவதே விடுதலை என்பது இன்னொரு நிலை. தமிழ்நாட்டின் பல ஊர்களில் நம் பெரியவர்கள் சாவுக்கு அடிக்க மறுத்துப் பறையைக் கொளுத்தியிருக்கிறார்கள். அதற்காக அடிபட்டிருக்கிறார்கள், வேலை இழந்திருக்கிறார்கள். அவர்களுக்கு அந்தச் சத்தம் கேட்டால் பெருமை வருவதில்லை, பழைய அவமானம் வருகிறது. அதைப் பிழை என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை.

நாங்கள் இந்த இரண்டு நிலைகளையும் எதிரெதிராகப் பார்க்கவில்லை. கூப்பிட்டால் போய்த்தான் ஆக வேண்டும் என்ற நிலையில் அடித்தால் அது அடிமை வேலை. அடிப்பதா வேண்டாமா, எங்கே, என்ன கூலிக்கு என்று கலைஞரே முடிவு செய்தால் அது கலை. குச்சியை அடுப்பில் வைத்த தாத்தாவும், கீழ்ப்பாக்கம் மேடையில் குச்சியைப் பிடித்த இளைஞரும் சொன்னது ஒன்றே: இனி முடிவு என்னுடையது. தொல்காப்பியம் பறையை ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருள்களில் ஒன்றாக வைத்தது. எல்லா நிலத்துக்கும் உரிய கருவியை ஒரு தெருவுக்கு மட்டும் உரியதாக்கியது சாதி.

குழுவின் கலைஞர்களுக்குப் பின்னர் நடந்ததையும் மாணவர்கள் அறிய வேண்டும். ஆண்களே கோலோச்சிய கானாவில் பெண்ணாக வந்து பாடியவர் இசைவாணி. 2020இல் பிபிசி வெளியிட்ட உலகின் நூறு பெண்கள் பட்டியலில் அவர் பெயர் இடம்பெற்றது. சபரிமலைக்குள் பெண்கள் நுழைவதைப் பற்றி அவர் பாடிய பாட்டுக்காக, பல ஆண்டுகள் கழித்து 2024இல் ஆபாச வசைகளும் மிரட்டல்களும் வந்தன.

அரக்கோணத்துக்காரரான அறிவின் கதையும் அப்படித்தான். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த பாட்டி வள்ளியம்மாளின் நினைவிலிருந்து அவர் எழுதிப் பாடிய 'என்ஜாய் எஞ்சாமி' 2021இல் உலகமெங்கும் ஒலித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் அவர் முகம் இல்லை. எதிர்ப்பு எழுந்த பிறகே அவருக்கென்று தனியாக ஓர் இணைய அட்டை வந்தது. 2022 ஜூலையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் பாட்டு ஒலித்தபோது அவர் மேடையில் இல்லை. பாட்டு எல்லோருடைய உழைப்பும் சேர்ந்தது என்று இசையமைத்த சந்தோஷ் நாராயணன் விளக்கினார். கூட்டுழைப்பை நாமும் மறுக்கவில்லை. ஆனால், சோற்றைப் பரிமாறும்போது நினைவில் நிற்கும் பெயர்களில் நாற்று நட்டவர் பெயர் ஏன் முதலில் விடுபடுகிறது என்றுதான் கேட்கிறோம்.

மாற்றம் வரவில்லை என்று சொல்ல மாட்டோம். 2020 முதல் 'மார்கழியில் மக்களிசை' நடக்கிறது. மதுரையைச் சேர்ந்த பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. நம் மாவட்டத்தில் தென்முடியனூர் மக்கள் 2023 ஜனவரி 30 அன்று முத்துமாரியம்மன் கோயிலுக்குள் முதல்முறையாகக் காலடி வைத்தார்கள். அதற்குக் காவல்துறையின் பாதுகாப்பு தேவைப்பட்டது என்பதும் உண்மை. கோயில் வாசலைப் போலவே மேடையின் வாசலும் தானாகத் திறப்பதில்லை.

ஆகவே மாணவர்களே, நம் பாட்டை மதிப்பிட யாரோ வருவார்கள் என்று காத்திருக்காதீர்கள். உங்கள் தெருவில் பறை, பம்பை, உடுக்கை, தெருக்கூத்து மத்தளம் தெரிந்த பெரியவர் ஒருவராவது இருப்பார். ஒரு நோட்டுப் புத்தகத்தோடு போய் அவர் பக்கத்தில் உட்காருங்கள். எத்தனை அடி வகை தெரியும், யாரிடம் கற்றார், ஏன் விட்டார் என்று கேட்டு எழுதுங்கள். விட்டதற்கான காரணத்தைக் கட்டாயம் எழுதுங்கள்; அதுவும் இசை வரலாறுதான்.

எங்கள் படிப்பகத்தில் அன்று பாட்டு முடிந்ததும் எல்லோரும் எழுந்தார்கள். தாத்தா மட்டும் எழவில்லை. "அந்த நாலாவது பாட்ட இன்னொரு வாட்டி போடு" என்றார். இந்த முறை அவர் விரல்கள் முட்டியின்மேல் தாளம் போட்டன. எங்கே பிசகியது என்று அந்த மாணவிக்குச் சொல்லிக்கொண்டே கேட்டார். அவர் எழுதிக்கொண்டார்.