பரு திரும்பத் திரும்ப வருவது ஏன்?

சித்திரை பிறந்து வெயில் ஏறிவிட்டால், வீட்டில் வளர்ந்த பிள்ளைகள் கண்ணாடி முன்னால் நிற்கும் நேரம் கூடிவிடும். நெற்றியில் பொரிப்பொரியாக, கன்னத்தில் சிவந்து, தாடையில் தொட்டாலே வலிக்கும்படி பரு கிளம்பியிருக்கும். கடையில் கேட்டு ஒரு கிரீம் வாங்குகிறோம். பத்து நாளில் குறைகிறது. அடுத்த மாதம் அதே இடத்தில் மறுபடியும் வருகிறது. யாரோ சொன்னார்கள் என்று வேறொரு கிரீம் வாங்குகிறோம். அலமாரியில் பாதி தீர்ந்த டியூப்கள் சேர்கின்றனவே தவிர, பரு விடைபெறுவதில்லை.

பரு வருவது வயதின் இயல்பு. ஆனால் அது திரும்பத் திரும்ப வருவதற்கும், தழும்பாக நின்றுவிடுவதற்கும் பெரும்பாலும் நம்முடைய அன்றாடப் பழக்கங்களே துணைபோகின்றன. அதிலும் வெப்பமான ஊர்களில், மற்ற இடத்தில் பெரிதாகத் தெரியாத சிறு பழக்கம்கூட முகத்தில் தெரிந்துவிடும்.

பரு எப்படி உண்டாகிறது?

முகத்தின் ஒவ்வொரு மயிர்க்காலோடும் ஓர் எண்ணெய்ச் சுரப்பி இருக்கிறது. பருவ வயதில் ஹார்மோன்களின் தூண்டுதலால் இது பெரிதாகி அதிகம் சுரக்கிறது. தோலிலிருந்து உதிர வேண்டிய இறந்த செல்கள் இந்த எண்ணெயோடு ஒட்டிக்கொண்டு துளையை அடைக்கின்றன. அடைபட்ட இடத்தில், நம் தோலில் எப்போதும் இருக்கும் ஒருவகைக் கிருமி பெருகுகிறது. உடல் அதை எதிர்க்கும்போது வீக்கமும் சிவப்பும் சீழும் உண்டாகின்றன.

இதில் கவனிக்க வேண்டியது காலக்கணக்கு. கண்ணுக்குத் தெரியாத அந்த அடைப்பு, பருவாக வெளியே வரப் பல வாரங்கள் ஆகும். இன்று கண்ணாடியில் பார்க்கிற பருவுக்கு வித்து விழுந்தது போன மாதமோ அதற்கு முந்தைய மாதமோ. நேற்றுச் சாப்பிட்ட பிரியாணியைக் குற்றம் சொல்வதில் நியாயமில்லை. முந்தாநாள் வாங்கிய கிரீம் வேலை செய்யவில்லை என்று தூக்கி எறிவதிலும் நியாயமில்லை.

வெயிலும் புழுக்கமும் இதில் என்ன செய்கின்றன? வியர்வையில் ஊறிய மேல்தோல் உப்பி, துளையின் வாயைக் குறுக்குகிறது. எண்ணெய் வெளியேற வழி குறைகிறது. இரண்டாம் உலகப் போரில் வெப்பமண்டல நாடுகளுக்கு அனுப்பப்பட்ட படைவீரர்களில் பலருக்கு முதுகிலும் தோளிலும் கடுமையான பரு வந்ததை அன்றைய மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். நாமோ ஆண்டில் பாதிக்கு மேல் அப்படிப்பட்ட புழுக்கத்திலேயே வாழ்கிறோம்.

நாம் செய்யும் தவறுகள்

*சோப்பை அதிகம் போடுவது.* எண்ணெய் வழிகிறதே என்று ஒரு நாளில் ஐந்தாறு முறை சோப்புப் போட்டு முகம் கழுவும் பிள்ளைகள் இருக்கிறார்கள். நம் தோல் இயல்பிலேயே இலேசான அமிலத்தன்மை கொண்டது. சாதாரணக் குளியல் சோப்பு காரத்தன்மை கொண்டது. அடிக்கடி போட்டால் தோலின் பாதுகாப்புப் படலம் கெட்டு, முகம் வறண்டு எரியும். அந்த நிலையில் பருவுக்கான மருந்தையும் தோல் தாங்காது. உளூ செய்யும்போது முகத்தில் படும் வெறும் தண்ணீரால் கெடுதல் இல்லை. வியர்வையைக் கழுவ அது நல்லதே. சோப்போ ஃபேஸ்வாஷோ காலையும் மாலையும் இரண்டு முறை போதும். துடைக்கும்போது அழுத்தித் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள்.

*தலையில் வழிய வழிய எண்ணெய்.* நெற்றியிலும் காதோரத்திலும் மட்டும் பொரிப்பொரியாக வருகிறதா? தலைக்கு வைக்கும் எண்ணெய் வியர்வையோடு இறங்கி அங்குள்ள துளைகளை அடைப்பது ஒரு முக்கியக் காரணம். தேங்காய் எண்ணெய் தலைமுடிக்கு நல்லதுதான். ஆனால் பரு வரும் முகத்தில் அதைத் தடவுவது அடைப்பைக் கூட்டும். தலைக்கு எண்ணெய் வைக்க வேண்டுமென்றால், குளிப்பதற்கு ஓரிரண்டு மணி நேரம் முன்பு வைத்து அலசிவிடலாம். இரவு முழுக்க ஊறவிட்டால் தலையணை உறை வழியாகக் கன்னத்துக்கும் வந்து சேரும். தலையணை உறையை வாரம் இரண்டு முறையாவது மாற்றுங்கள்.

*சமையலறை வைத்தியம்.* எலுமிச்சைச் சாறு, சமையல் சோடா, பற்பசை ஆகிய மூன்றையும் முகத்துக்கு அண்டவிடக் கூடாது. எலுமிச்சைச் சாறு பட்ட தோல் வெயிலில் காய்ந்தால் புண்ணாகி, மாதக்கணக்கில் போகாத கருந்திட்டு விழலாம். பற்பசை பருவை வற்ற வைப்பதுபோலத் தோன்றினாலும் சுற்றியுள்ள தோலை எரித்துவிடும். சர்க்கரை, ரவை, வால்நட் பொடி என்று சொரசொரப்பாகத் தேய்ப்பதும் சிவந்த பருவை உடைத்துப் பரப்பவே செய்யும்.

*உரசும் துணி.* இறுக்கிக் கட்டிய ஹிஜாப், உள்ளே அணியும் தொப்பி, முகக்கவசம், ஹெல்மெட்டின் வார் ஆகியவை உரசும் இடங்களான தாடை ஓரத்திலும் நெற்றி ஓரத்திலும் பரு வரிசை கட்டுவதைக் காணலாம். வியர்வை உறிஞ்சாத பாலியெஸ்டர் துணி என்றால் இன்னும் மோசம். பருத்தித் துணியாக இருக்கட்டும், சற்றுத் தளர்வாக இருக்கட்டும். வெளியே போய் வந்து ஆணியில் மாட்டிய ஹிஜாபையே மறுநாளும் எடுத்து அணியாமல், தினம் ஒன்றாகத் துவைத்து மாற்றுங்கள். வீட்டுத் தொழுகை விரிப்பில் நெற்றி படும் இடத்திலும் எண்ணெயும் வியர்வையும் ஊறும். அதையும் வாரம் ஒரு முறை துவைத்துக் காயப்போடலாம்.

*கிள்ளுவது.* பருவைக் கிள்ளினால் சீழின் ஒரு பகுதி வெளியே வரும். மீதி தோலுக்குள்ளேயே உடைந்து பரவும். நம்மைப் போன்ற மாநிறத் தோலில் கிள்ளிய பரு ஆறினாலும் கரும்புள்ளி நிற்கும். ஆழமாகக் கிள்ளினால் பள்ளம் விழும். கரும்புள்ளி சில மாதங்களில் மங்கும். பள்ளம் தானாக நிரம்பாது.

*சர்க்கரையும் பவுடர் பாலும்.* எண்ணெய்ப் பலகாரத்தைவிட, இரத்தத்தில் சர்க்கரையைச் சட்டென ஏற்றும் உணவுகளுக்கே பருவோடு தொடர்பு அதிகம் தெரிகிறது. வெயிலுக்கு இதமாக இருக்கிறதென்று நாள் தவறாமல் குடிக்கும் சர்பத், ரோஸ்மில்க், குளிர்பானம் இவற்றைக் குறைத்துப் பாருங்கள். ஜிம்முக்குப் போகும் பையன்கள் சாப்பிடும் புரோட்டீன் பவுடரும் சிலருக்குப் பருவைக் கிளப்புகிறது.

மூன்றே நாளில் முகத்தை மாற்றும் கிரீம்

மேலே சொன்னவற்றை எல்லாம் கூட்டினாலும் இந்த ஒரு பழக்கத்தின் ஆபத்துக்கு ஈடாகாது. நிக்காஹ் நாள் குறித்ததும், "பொண்ணு முகம் கொஞ்சம் தெளியணும்" என்று மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் கிரீமைத்தான் சொல்கிறோம். சொன்னபடியே மூன்று நான்கு நாளில் சிவப்பு அடங்குகிறது. ஒரு வாரத்தில் நிறமும் வெளுக்கிறது. பக்கத்து வீட்டுக்கும் அக்கா வீட்டுக்கும் அந்த டியூப் சிபாரிசாகிறது.

இப்படி உடனே பலன் தரும் கிரீம்களில் பலவற்றில் இருப்பது ஸ்டீராய்டு. பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன், ஃப்ளூசினோலோன் போன்ற பெயர்கள் டியூபில் சிறிய எழுத்தில் இருக்கும். கரப்பான் போன்ற சில தோல் நோய்களுக்கு, டாக்டர் சொன்ன அளவில் சொன்ன நாள் வரை போட்டால் இவை நல்ல மருந்துகள். பருவுக்கும் நிறத்துக்கும் முகத்தில் மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்துவிடும். சிவப்பு நரம்புகள் வெளியே தெரியும். வெயில் பட்டாலே எரியும். பெண்களுக்கு முகத்தில் முடி வளரும். நிறுத்தினால் முன்பைவிட அதிகமாகப் பரு கொட்டும். அதைத் தாங்காமல் மறுபடியும் அதே கிரீமைப் போடுவார்கள். திரும்பத் திரும்ப வரும் பருவில் இந்த வகைதான் மிகவும் துன்பமானது.

2018இல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை, டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. ஆனாலும் பல கடைகளில் கேட்டால் கிடைக்கிறது. கேட்காமல் இருப்பது நம் கையில் இருக்கிறது.

லேபிளே சரியாக இல்லாத சிவப்பழகு கிரீம்களில் வேறொரு ஆபத்தும் உண்டு. அது பாதரசம். 2023இல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில், அரிதான ஒரு சிறுநீரக நோயோடு வந்தவர்களில் பலர் இத்தகைய கிரீம்களைப் பூசிவந்தவர்கள் என்று மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். முகத்தில் பூசியது சிறுநீரகம் வரை போகிறது. தயாரிப்பாளரின் முகவரி இல்லாத, உள்ளே என்ன இருக்கிறது என்று அச்சிடாத கிரீம் வெளிநாட்டிலிருந்து வந்த பெட்டியில் இருந்தாலும் தொடாதீர்கள்.

ஏற்கனவே ஸ்டீராய்டு கிரீமைப் பல மாதமாகப் போட்டுவருபவர்கள், டியூபையும் எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் போங்கள். எப்படி நிறுத்துவது, கிளம்பும் எரிச்சலை எப்படி அடக்குவது என்று அவர் வழி சொல்வார்.

வீட்டில் செய்யக்கூடியது

காலையும் இரவும் மென்மையான ஃபேஸ்வாஷ். எண்ணெய்ப் பசை இல்லாத, துளையை அடைக்காத இலேசான மாய்ஸ்சரைசர். லேபிளில் 'நான் காமெடோஜெனிக்' என்று இருக்கும். பகலில் வெளியே போகும்போது ஜெல் வகை சன்ஸ்கிரீன். கரும்புள்ளி ஆழமாகாமல் அது காக்கும். இவ்வளவு போதும்.

இலேசான பருவுக்கு 2.5 சதவீத பென்சாயில் பெராக்சைடு ஜெல் பயனுள்ளது. முதல் வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள், மெல்லிய பூச்சாகப் போட்டுப் பழக்க வேண்டும். இது துணியின் சாயத்தை வெளுக்க வைக்கும். இரவில் போடுங்கள், வெள்ளைத் தலையணை உறை பயன்படுத்துங்கள், நன்றாகக் காய்ந்த பிறகே நிற ஹிஜாபை அணியுங்கள். எந்த மருந்தானாலும் பலன் தெரிய ஆறு முதல் எட்டு வாரம் ஆகும் என்பதை நாட்காட்டியில் குறித்துவைத்துக்கொண்டு பொறுமையாக இருங்கள். முகம் தெளிந்ததும் உடனே நிறுத்திவிடுவதும் பரு திரும்பி வர ஒரு காரணம்.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

கட்டி கட்டியாக வலியோடு வந்தால், பள்ளம் விழத் தொடங்கினால், இரண்டு மூன்று மாதம் ஒழுங்காகக் கவனித்தும் குறையாவிட்டால் தள்ளிப்போடாதீர்கள். ஒரே அளவில் சின்னச் சின்னதாக வந்து அரித்தால் அது பருவாக இல்லாமல் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். பருவுக்கான ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டால் அது இன்னும் கூடும். பெண் பிள்ளைகளுக்குப் பருவோடு மாதவிடாய் தவறுவதும் முகத்தில் முடி வளர்வதும் சேர்ந்திருந்தால் ஹார்மோன் பரிசோதனை தேவைப்படும்.

கர்ப்பிணிகளும், குழந்தையை எதிர்பார்க்கும் பெண்களும் அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கடுமையான பருவுக்குத் தரப்படும் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை, வயிற்றில் வளரும் குழந்தைக்குப் பெரும் ஊனத்தை உண்டாக்கக்கூடியது. இன்னொருவருக்கு எழுதிய பரு மாத்திரையை வாங்கிச் சாப்பிடவே கூடாது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் பிரிவு இருக்கிறது. செலவுக்குப் பயந்து கடை கிரீமை நாட வேண்டியதில்லை.

பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை

பிள்ளைகள் இரகசியமாகக் கிரீம் வாங்கிப் பூசுவது பெரும்பாலும் முகத்தின் மீதுள்ள ஆசையால் மட்டும் இல்லை. "என்ன முகமெல்லாம் இப்படி?" என்று கல்யாண வீட்டில் நாலு பேர் முன்னால் கேட்கும் கேள்வியால்தான். பருவும் நிறமும் பற்றிய பேச்சை வீட்டில் நாம் நிறுத்தினாலே, மூன்று நாளில் முகத்தை மாற்றும் கிரீமுக்கு வேலை பாதி குறைந்துவிடும். பருவ வயதில் வரும் பரு பெரும்பாலானோருக்கு வயது ஏற ஏற அடங்கிவிடுகிறது. அதுவரை அந்தப் பிள்ளையின் முகத்தில் தழும்பு விழாமலும், மனதில் விழாமலும் பார்த்துக்கொள்வது வீட்டிலுள்ள நம் எல்லோருடைய பொறுப்பு.