உதவியாளரைத் தேர்ந்தெடுப்பது யார்?

கை கால் இயங்காத ஒருவருக்குப் படுக்கையிலிருந்து எழவும், குளிக்கவும், உடை மாற்றவும், கழிப்பறைக்குப் போகவும் இன்னொருவர் துணை வேண்டும். அந்தத் துணைக்கு அரசு பணம் கொடுக்கிறது என்றால், வருகிற ஆள் ஆணா பெண்ணா, எத்தனை மணிக்கு வருவது, எந்த வேலையை முதலில் செய்வது என்பதையெல்லாம் யார் முடிவு செய்ய வேண்டும்? அமெரிக்காவில் நெடுங்காலம் அந்த முடிவு உதவியாளர்களை அனுப்பும் ஏஜென்சிகளின் கையில்தான் இருந்தது. ஏழைகளுக்கான மெடிகெய்டு என்ற அரசு மருத்துவத் திட்டம் 1965-ல் வந்தது. முதியோர், ஊனமுற்றோர் பராமரிப்பில் பெரும்பகுதிக்கு அதுவே படியளக்கிறது. அரசு ஏஜென்சிக்குப் பணம் கொடுக்கும். ஏஜென்சி தனக்குத் தோதான நேரத்தில், தன்னிடம் இருக்கிற ஆளை அனுப்பும். இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு. இதைவிட மோசமான இன்னொரு கோணலும் உண்டு. பராமரிப்பு இல்லத்தில் சேர்ந்தால் செலவை ஏற்பது மாநிலங்களின் சட்டக் கடமை. வீட்டிலேயே இருந்துகொண்டு உதவி கேட்டால், அது பெரும்பாலும் மாநிலத்தின் விருப்பம். ஆகவே வீட்டுக்கு உதவி வரக் காத்திருந்தவர் பலர், கடைசியில் தாம் விரும்பாத இல்லத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

இந்த ஏற்பாட்டை முதலில் கேள்வி கேட்டவர்கள் உதவி பெற்றவர்களே. எட் ராபர்ட்ஸ் 14 வயதில் போலியோவால் கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். 1962-ல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். செயற்கைச் சுவாசத்துக்கான இரும்புக் கூட்டை வைக்க இடம் வேண்டியிருந்ததால், வளாக மருத்துவமனையிலேயே தங்கிப் படித்தார். மாநில அரசின் உதவித்தொகையைக் கொண்டு உதவியாளர்களை அவரே வேலைக்கு வைத்தார், அவரே நீக்கவும் செய்தார். இவருக்கு வேலைவாய்ப்பே கிடையாது என்று ஒருகாலத்தில் கைவிரித்த அதே மாநில மறுவாழ்வுத் துறைக்கு 1975-ல் இவரே தலைவரானார். ஜெர்மனியில் பிறந்த அடால்ஃப் ராட்ஸ்காவும் போலியோவால் பாதிக்கப்பட்டவர். 1960-களில் கலிபோர்னியாவில் படித்தபோது இதேபோல் தன் உதவியாளர்களைத் தானே அமர்த்திக்கொண்டார். பிறகு ஸ்வீடனில் குடியேறி, உதவி பெறுபவர்களே நடத்தும் கூட்டுறவு ஒன்றை 1984-ல் தொடங்கினார். பத்தாண்டுக்குள் அந்த நாடு தனிப்பட்ட உதவியாளரைச் சட்ட உரிமையாக்கியது. 1994-ல் சட்டம் நடைமுறைக்கு வந்தது.

ராபர்ட்ஸும் ராட்ஸ்காவும் படித்தவர்கள், வாதாடத் தெரிந்தவர்கள். சாதாரண ஏழைக்கு, முதுமையில் தளர்ந்தவருக்கு இது சரிப்படுமா? அதிகாரிகளுக்கு இருந்த இந்தச் சந்தேகத்தை நியாயமற்றது என்று தள்ள முடியாது. அதைத் தீர்க்க அமெரிக்கா செய்த காரியம்தான் என்னை மிகவும் கவர்கிறது: வாதத்தை நிறுத்திவிட்டுச் சோதித்துப் பார்த்தார்கள். 1998-ன் கடைசியில் ஆர்கன்சாவிலும், பின்னர் நியூ ஜெர்சி, ஃபுளோரிடாவிலும் ‘கேஷ் அண்ட் கவுன்சலிங்’ என்ற சோதனைத் திட்டம் தொடங்கியது. மூன்று மாநிலங்களிலும் தாமாக முன்வந்த 6,500-க்கும் மேற்பட்டவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குப் பழையபடி ஏஜென்சி. மறு பாதிக்கு, ஏஜென்சிக்குப் போயிருக்க வேண்டிய தொகையையொட்டி ஒரு மாத ஒதுக்கீடு. அதில் பெரும்பாலும் தாம் விரும்பியவரை, மகள் போன்ற உறவினரையும்கூட, வேலைக்கு வைக்கலாம். சக்கர நாற்காலியைப் பழுதுபார்க்கலாம், வாசலில் சாய்தளம் போடலாம், துணி துவைக்க ஆள் வைக்கலாம். பணத்தைக் கொடுத்து அவரவர் பாடு என்று விட்டுவிடவில்லை. செலவுத் திட்டம் போட ஓர் ஆலோசகர் இருந்தார். சம்பளம், வரி, கணக்கு வழக்கைப் பார்க்கத் தனி அமைப்பு இருந்தது. பெரும்பாலோர் கணக்கு வேலையை அந்த அமைப்பிடமே விட்டுவிட்டார்கள். அவர்களுக்கு வேண்டியிருந்தது ஆளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை. ரொக்கத்தைக் கையில் வைத்திருக்கும் ஆசை பலருக்கு இருக்கவில்லை.

தாமே ஆள் வைத்தவர்கள் பராமரிப்பில் அதிகத் திருப்தி அடைந்தார்கள், தேவைப்பட்ட உதவி கிடைக்காமல் போன சந்தர்ப்பங்கள் குறைந்தன. இது எதிர்பார்த்ததே. பயந்தது வேறு: பயிற்சி பெறாத உறவினர் கவனிப்பில் படுக்கைப் புண்ணும் கீழே விழுவதும் கூடும் என்று. அப்படி நடக்கவில்லை. இத்தகைய உடல்நலக் கேடுகள் ஏஜென்சிக் குழுவின் அளவிலேயே இருந்தன, சிலவற்றில் அதைவிடக் குறைந்தன. பண மோசடியும் அரிதாகவே தென்பட்டது. ஏஜென்சியின் பில்லைச் சரிபார்ப்பதைவிட ஒரு முதியவரின் மாதக் கணக்கைச் சரிபார்ப்பது கடினமான வேலையும் இல்லை.

செலவுதான் சிக்கலான இடம். ஆர்கன்சாவில் முதலாண்டில், தாமே ஆள் வைத்தவர்களின் உதவிச் செலவு மற்றவர்களுடையதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. திட்டத்தை எதிர்ப்பவருக்கு இந்த ஒரு எண் போதும். ஆனால் ஏன் இரு மடங்கு என்று கேட்க வேண்டும். இவர்கள் ஊதாரித்தனம் செய்யவில்லை. அரசு தமக்கென்று ஏற்கெனவே ஒப்புக்கொண்ட மணிநேர உதவியைத்தான் பெற்றார்கள். ஏஜென்சியை நம்பியிருந்தவர்களுக்கு அந்த மணிநேரங்கள் முழுதாகக் கிடைக்கவில்லை. ஆள் பற்றாக்குறையால் சிலருக்கு உதவியே வந்து சேரவில்லை. அதாவது, பழைய முறை சிக்கனமாகத் தெரிந்ததற்குக் காரணம், கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் விட்டதே. குளிக்க வைக்க ஆள் வராத நாளில் அரசுக்கு மிச்சமான பணத்தைச் சேமிப்பு என்று எழுதுவது எந்தக் கணக்கில் சேர்த்தி? ஆர்கன்சாவில் பராமரிப்பு இல்லம் போன்றவற்றுக்கான செலவு குறைந்து, இந்தக் கூடுதலின் பெரும்பகுதியை ஈடுகட்டிவிட்டது. மற்ற இரு மாநிலங்களிலும் அவ்வளவுக்கு ஈடுகட்டவில்லை, மொத்தச் செலவு கூடத்தான் செய்தது. இதை மறைக்க வேண்டியதில்லை. உரிமையை மெய்யாகவே வழங்கினால் என்ன செலவாகுமோ அதுதான் ஆயிற்று. அமெரிக்க அரசு இந்த முடிவுகளைப் பார்த்துப் பின்வாங்கவில்லை. 2004-ல் மேலும் 12 மாநிலங்களுக்குத் திட்டம் விரிந்தது.

மகள் தாயைக் கவனிக்கக் கூலியா என்று முகம் சுளிப்பவர்கள் அங்கேயும் உண்டு, இங்கேயும் உண்டு. தாயைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்ட மகளுக்குப் பாசம் இருப்பதாலேயே வாடகை கட்ட வேண்டாம் என்று ஆகிவிடுமா? ஊரான் ஒருவர் அதே வேலையைச் செய்தால் கூலி, வீட்டுப் பெண் செய்தால் கடமை என்னும் வழக்கத்தின் சுமை முழுவதும் பெண்கள் தலையில்தான் விழுகிறது. முடிவெடுக்க முடியாதவர்களின் கதி என்ன என்பது இன்னொரு கேள்வி. ஃபுளோரிடாவில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களும் குழந்தைகளும்கூடச் சேர்க்கப்பட்டார்கள். அவர்கள் சார்பில் பெற்றோரோ நம்பகமானவரோ முடிவெடுத்தார்கள். ஆள் தேடுவதும் மேய்ப்பதும் தொல்லை என்று பழைய முறைக்கே திரும்பியவர்களும் இருக்கிறார்கள், அந்தக் கதவு திறந்தே இருந்தது. தானே நிர்வகிப்பதைக் கட்டாயமாக்கினால் அதுவும் ஒரு திணிப்புத்தான்.

எனக்கு மிக வலுவாகப் படுகிற ஆட்சேபம் தொழிலாளர் பக்கத்திலிருந்து வருவது. முதலாளியும் ஏழை, சக்கர நாற்காலியில் இருப்பவர். அவரிடம் சம்பள உயர்வோ விடுப்போ யார் கேட்பது? கலிபோர்னியாவில் இன்று 6 லட்சத்துக்கும் அதிகமானோர் வீட்டு உதவித் திட்டத்தில் தம் உதவியாளரைத் தாமே தேர்ந்தெடுக்கிறார்கள். அங்கே இதற்கு ஒரு வழி கண்டார்கள்: ஆளை வைப்பதும் நீக்குவதும் உதவி பெறுபவர் உரிமை; கூலி பேசுவதற்கு மாவட்ட அளவில் ஒரு பொது அமைப்பு. இதன் பயனாக 1999-ல் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியின் 74,000 வீட்டு உதவியாளர்கள் வாக்களித்துத் தொழிற்சங்கத்தில் சேர்ந்தார்கள். கூலி இன்னும் போதாது என்ற குரல் ஓயவில்லை. ஆனால் அது கஜானாவிடம் கேட்க வேண்டியது. ஆள் தேர்ந்தெடுக்கும் உரிமையைப் பறிப்பதால் யாருடைய கூலியும் உயரப் போவதில்லை.

இந்தியாவுக்கும் இந்த விவகாரத்தில் பங்கு உண்டு. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் குறித்து 2007-ல் நாம் ஏற்ற ஐ.நா. உடன்படிக்கையின் 19-ஆம் பிரிவு, சமூகத்தோடு வாழத் தேவையான தனிப்பட்ட உதவியையும் உரிமைகளில் ஒன்றாகச் சொல்கிறது. 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவும் அதை ஒட்டியே எழுதப்பட்டது. தமிழ்நாட்டில் கடுமையான பாதிப்பு உள்ளவர்களுக்கு மாதப் பராமரிப்புத் தொகை 2,000 ரூபாய் நேரடியாக வழங்கப்படுகிறது. பணம் உரியவரிடமே போவது நல்ல தொடக்கம். ஆனால் நாள் முழுதும் உடனிருக்கும் உதவியாளருக்கு அது ஒரு வாரச் சம்பளத்துக்கும் காணாது. ஆள் தேடித் தரவோ கணக்குப் பார்க்கவோ ஆர்கன்சாவில் இருந்ததைப் போன்ற துணையும் உடன் வருவதில்லை. தொகையை உயர்த்தும்போது அந்தத் துணையையும் சேர்த்தே அரசு திட்டமிட வேண்டும்.